பாய்லரின் அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தால்: போன தண்ணீரைத் தேடும் முறை

லண்டன் ஹாரோவில், 1930களில் கட்டிய இரட்டை வீடு ஒன்றில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அவருடைய காம்பி பாய்லருக்கு (ஹீட்டிங்குக்கும் குழாயில் வரும் வெந்நீருக்கும் ஒரே பாய்லர்) ஒன்பது வயது. அழுத்தமானியின் முள் மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை 1.5 பாரிலிருந்து (பார் என்பது அழுத்தத்தின் அலகு) 0.5க்கு இறங்கி, பாய்லர் நின்றுவிடுகிறது. அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீர் ஏற்றினால் மீண்டும் ஓடுகிறது. இரண்டு மாதமாக இதையே செய்துவருகிறார். வீட்டில் எங்கும் ஈரம் தெரியவில்லை. ஹீட்டிங் நன்றாகச் சூடேறியதும் முள் 2.8 வரை போகிறது. பார்க்க வந்த ஒருவர் பாய்லரையே மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றத்தான் வேண்டுமா என்பது கேள்வி.

இந்த ஊரில் பல ஆண்டுகளாக ஹீட்டிங் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் பாய்லரை மாற்றுவதற்கான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தண்ணீர் ஏற்றி ஏற்றி ஓட்டுவதை இன்றோடு நிறுத்த வேண்டும். முள் இறங்குகிறது என்றால் தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது. அது எந்த வழியாகப் போகிறது என்று கண்டுபிடிக்கும் வரை நீங்கள் செய்வது பழுதுபார்ப்பே அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடுவோம். ஷவரில் தண்ணீர் மெதுவாக வருவதையும் பலர் பிரஷர் குறைவு என்றே சொல்கிறார்கள். அது தெருக்குழாயிலிருந்து வரும் தண்ணீரின் விஷயம். நாம் பேசுவது பாய்லருக்கும், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் இடையில் சுற்றிச் சுற்றி ஓடும், வெளியுலகத்தோடு தொடர்பில்லாத தண்ணீரைப் பற்றி. பரணில் சிறிய தொட்டி வைத்து ஓடும் பழைய அமைப்புகளில் இந்த அழுத்தமானியே இருக்காது, ஆகவே அந்த வீட்டுக்காரர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

மூடிய அமைப்பில் ஒருமுறை நிரப்பிய தண்ணீரே வருடக்கணக்கில் ஓட வேண்டும். குளிர்ந்த நிலையில் முள் 1 முதல் 1.5 பார் வரை நிற்பது சரியான அளவு. இந்த அழுத்தம் எதற்கு என்றால், தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த ஏறத்தாழ 1 பார் வேண்டும். பாய்லர் கீழ்த்தளச் சமையலறையில் இருந்து, பரணை அறையாக்கி அங்கேயும் ஒரு ரேடியேட்டர் வைத்திருந்தால், அந்த ஆறு மீட்டர் உயரத்துக்கே 0.6 பார் போய்விடும். அதற்கு மேலும் கொஞ்சம் இருந்தால்தான் உச்சியில் காற்று சேராமல் தண்ணீர் சுற்றும். அழுத்தம் மிகவும் இறங்கினால் பாய்லர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். வேலண்ட் பாய்லர்களில் எஃப் 22 என்றும், ஐடியல் லாஜிக்கில் எஃப் 1 என்றும் திரையில் வருவது இதைத்தான். தண்ணீர் இல்லாத உலோகத்தை நெருப்பு சுடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

அடிக்கடி தண்ணீர் ஏற்றுவது ஏன் கெடுதல் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலரும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பழைய தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் முதல் சில நாட்களிலேயே இரும்போடு சேர்ந்து தீர்ந்துவிடும்; அதன் பிறகு அந்தத் தண்ணீர் ரேடியேட்டரை அதிகம் தின்னாது. நீங்கள் ஒவ்வொரு முறை வால்வைத் திறக்கும்போதும் புதிய ஆக்சிஜன் உள்ளே போகிறது, துரு மீண்டும் தொடங்குகிறது. அது கரிய சேறாக ரேடியேட்டரின் அடியில் படிகிறது, பம்பை இறுக்குகிறது, பாய்லரின் நுண்ணிய வழிகளை அடைக்கிறது. லண்டன் தண்ணீர் கடினத்தன்மை மிகுந்தது என்பதால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்கிறது. துருவைத் தடுக்க முன்பு ஊற்றிய தடுப்பு மருந்தோ நீர்த்துப்போகிறது. இரண்டு மாதம் இப்படி ஓட்டிய அமைப்பில் ஏதாவது ஒரு ரேடியேட்டரின் காற்றுத் திருகைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். பெரும்பாலும் மை கலந்ததுபோல் தண்ணீர் வரும்.

இனி உங்கள் முள்ளைப் படிப்போம். நீங்கள் போகிற போக்கில் சொன்ன 2.8 என்ற எண்தான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. தண்ணீர் சூடானால் விரியும். பத்து ரேடியேட்டர் உள்ள வீட்டில் சுமார் நூறு லிட்டர் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொண்டால், பத்து டிகிரியிலிருந்து எழுபது டிகிரிக்குப் போகும்போது அது இரண்டு லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமாகப் பெருகும். குழாயும் ரேடியேட்டரும் அவ்வளவு இடம் கொடுக்காது. அதற்காகத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற விரிவுக்கலம் இருக்கிறது. பெரும்பாலான காம்பி பாய்லர்களுக்குள்ளேயே எட்டுப் பத்து லிட்டர் அளவில் தட்டையான ஓர் இரும்புக் கலம் பொருத்தியிருப்பார்கள். நடுவில் ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. விரியும் தண்ணீர் அந்தக் காற்றை அமுக்கி இடம் பிடித்துக்கொள்ளும், ஆறும்போது காற்று அதைத் திருப்பி அனுப்பிவிடும். கலம் நலமாக இருந்தால் குளிரில் 1.2 இருக்கும் முள் சூட்டில் 2ஐ ஒட்டி நிற்கும்.

சைக்கிள் டியூபில் காற்று மெல்ல இறங்குவதுபோல் இந்தக் கலத்திலும் வருடங்கள் போகப் போகக் காற்று இறங்கும். அப்போது விரியும் தண்ணீருக்கு இடமில்லாமல் முள் விறுவிறுவென்று ஏறும். 3 பாரைத் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து, மிகுதித் தண்ணீரை வெளிச்சுவர்க் குழாய் வழியாகத் தெருவிலோ தோட்டத்திலோ கொட்டிவிடும். இரவில் எல்லாம் ஆறியதும், கொட்டிய தண்ணீரின் அளவுக்கு முள் இறங்கி நிற்கும். வீட்டுக்குள் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. கலத்தில் காற்று அறவே இல்லாமற்போன வீடுகளில் இது ஒரே நாளில் நடக்கும். காலையில் ஏற்றினால் மறுநாள் காலை முள் பூச்சியத்தில் கிடக்கும். உங்களுக்கு மூன்று நான்கு நாள் ஆவதால் கலத்தில் கொஞ்சம் காற்று மிச்சம் இருக்கிறது என்று ஊகிக்கிறேன்.

இது சரியா என்று பார்க்க ஒரு பொலித்தீன் பையும் ஒரு ரப்பர் வளையமும் போதும். பாய்லர் மாட்டியிருக்கும் சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். 15 மி.மீ. செப்புக் குழாய் ஒன்று சுவரிலிருந்து வெளியே வந்து, யார் மேலும் வெந்நீர் பாய்ந்துவிடாமல் சுவரை நோக்கியே வளைந்திருக்கும். பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் குழாய் இருந்தால் குழம்ப வேண்டாம், அது பாய்லரின் புகை குளிரும்போது பிரியும் தண்ணீரை வெளியேற்றும் கண்டென்சேட் குழாய்; அதில் தண்ணீர் வருவது இயல்பு. செப்புக் குழாயின் வாய் பச்சைபிடித்திருக்கிறதா, அதற்கு நேரே செங்கல்லில் வெள்ளைக் கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதுவே பாதிச் சான்று. பிறகு பையை அந்த வாயில் தளர்வாகக் கட்டி, ஒரு நாள் வழக்கம்போல் ஹீட்டிங்கை ஓட்டுங்கள். மறுநாள் பைக்குள் தண்ணீர் இருந்தால் திருடன் அகப்பட்டான். அந்தக் குழாய் பெருக்கெடுத்தால் வரும் தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இருக்கும் என்பதால் குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் கவனம் வேண்டும்.

கலத்தில் காற்று ஏற்றுவது பெரிய வேலை அல்ல. ஆனால் பலர் செய்யும் ஒரு பிழையால் பயனில்லாமல் போகிறது. கலத்தின் காற்று வால்வு கார் டயரில் இருப்பதைப் போன்றதே, கால்பம்பு அப்படியே பொருந்தும். தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் இருக்கும்போது காற்றடித்தால் அளவு பொய்யாகத்தான் காட்டும். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, குழாய்களுக்குப் போகும் அடைப்பு வால்வுகளை மூடி, பாய்லரில் உள்ள தண்ணீரை வடித்து, வடிகால் திறந்திருக்கும் நிலையிலேயே காற்று ஏற்ற வேண்டும். கலம் நிரம்பும்போது உள்ளே தேங்கிய தண்ணீர் வடிகால் வழியாக வெளியே வருவதைப் பார்க்கலாம். அளவு தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் இருக்கும், பெரும்பாலும் 0.75 முதல் 1 பார் வரை. பிறகு வடிகாலை மூடி, வால்வுகளைத் திறந்து, வழக்கமான அழுத்தத்துக்கு நிரப்பினால் முடிந்தது. காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் வந்தால் ரப்பர் திரை கிழிந்துவிட்டது என்று பொருள். அந்தக் கலத்துக்கு எவ்வளவு காற்றடித்தும் பலனில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும். கலம் பாய்லரின் முதுகுப்புறம் மாட்டியிருந்து எடுப்பது கடினமானால், திரும்பிவரும் குழாயில் வெளியே தனியாக ஒரு கலத்தைப் பொருத்துவதும் நல்ல தீர்வுதான்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாதுகாப்பு வால்வு ஒருமுறை திறந்து அதன் இருக்கையில் சேற்றுத் துகள் உட்கார்ந்துவிட்டால், அதன் பிறகு 1 பாரிலும் சொட்டிக்கொண்டே இருக்கும். கலத்துக்குக் காற்றடித்த பிறகும் பையில் தண்ணீர் சேர்ந்தால் அந்த வால்வையும் மாற்ற வேண்டும். அதை அடைக்கவோ, வெளிக்குழாயின் வாயை மூடவோ யாரும் எண்ணிவிடக் கூடாது. பாய்லர் வெடிக்காமல் காக்கும் கடைசி அரண் அது.

பை உலர்ந்தே இருந்தால் அடுத்த கேள்வி, தண்ணீர் பாய்லருக்குள் போகிறதா, குழாயிலும் ரேடியேட்டரிலும் போகிறதா என்பது. இதற்கும் எளிய வழி உண்டு. இரவில் ஹீட்டிங்கை நிறுத்தி, எல்லாம் ஆறிய பிறகு, பாய்லரின் அடியில் போகும் குழாய்க்கும் வரும் குழாய்க்கும் உள்ள இரண்டு அடைப்பு வால்வுகளையும் மூடுங்கள். முள்ளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் ஓட்டை பாய்லருக்குள். முள் அசையாமல் இருந்து, வால்வுகளைத் திறந்தவுடன் இறங்கினால் ஓட்டை வீட்டுக் குழாய்களில். வால்வுகள் மூடியிருக்கும்போது பாய்லர் தப்பித்தவறியும் ஓடக் கூடாது. டைமரை நம்பாமல் மின் இணைப்பையே நிறுத்திவையுங்கள்.

பாய்லருக்குள் என்றால் பம்பின் இணைப்பு, தானியங்கிக் காற்றுப்போக்கி, உள் இணைப்புகளின் வாஷர் ஆகியவை வழக்கமான இடங்கள். எல்லாவற்றிலும் மோசமானது நெருப்பின் சூட்டைத் தண்ணீருக்கு ஏற்றும் முதன்மை வெப்பப் பரிமாற்றியில் விழும் கீறல், ஏனென்றால் அதிலிருந்து போகும் தண்ணீர் கண்டென்சேட் குழாய் வழியாகவே சாக்கடைக்குப் போய்விடும். 2005 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாக வைக்கும் கேஸ் பாய்லர்கள் அந்தக் குழாய் உள்ள கண்டென்சிங் வகையாக இருக்க வேண்டும் என்பதால், ஒன்பது வயதுள்ள உங்கள் பாய்லரும் அந்த வகைதான். எரியும்போது அந்தக் குழாயில் தண்ணீர் வருவது இயல்பு, ஆனால் பாய்லரை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்தும் சொட்டிக்கொண்டிருந்தால் அது இயல்பல்ல. மாற்றுவதா பழுதுபார்ப்பதா என்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கட்டம் அது ஒன்றே. வெந்நீர் தரும் சிறிய தகட்டுப் பரிமாற்றியில் ஓட்டை விழுந்தால் கதை தலைகீழ்: தெருக்குழாயின் அழுத்தம் அதிகம் என்பதால் தண்ணீர் உள்ளே புகுந்து முள் தானாக ஏறும். நிரப்பும் வால்வு சரியாக மூடாவிட்டாலும் அப்படியே.

குழாய்ப் பக்கம் என்றால் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு என்று ஒழுகினால் ஒரு நாளைக்குச் சுமார் 430 மில்லி லிட்டர் ஆகிறது. கலம் நலமாக உள்ள வீட்டில், முள் 1.5இலிருந்து 1க்கு இறங்க ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் போக வேண்டும். ஆகவே அந்த ஒரு சொட்டே மூன்று நான்கு நாளில் அதைச் செய்துவிடும். சூடான வால்வின் மேல் விழும் சொட்டு அங்கேயே காய்ந்துவிடுவதால் தரையில் ஈரம் தேடிப் பயனில்லை. வால்வின் கழுத்திலும் நட்டைச் சுற்றியும் பச்சையோ வெள்ளையோ துருவோ பொருக்காகப் படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அமைப்பு ஆறியிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த டிஷ்யூ தாளால் சுற்றி ஒற்றி எடுங்கள். கண்ணுக்குத் தப்பும் ஈரம் தாளில் தெரியும். ரேடியேட்டர் வால்வின் தண்டைச் சுற்றிய நட்டு தளர்ந்திருந்தால் ஸ்பேனரால் கால் சுற்று இறுக்கினாலே பல சமயம் நின்றுவிடும்.

அங்கேயும் இல்லையென்றால் தரைக்கடியில். உங்களுடையதைப் போன்ற 1930களின் வீடுகளில் குழாய்கள் மரப்பலகைத் தரைக்கு அடியில் ஓடும். அண்மையில் லேமினேட் தரை போட்டீர்களா, கம்பளம் மாற்றினீர்களா என்று முதலில் கேட்பேன். ஓர் ஆணி செப்புக் குழாயைத் துளைத்துவிட்டு, அந்தத் துளையைத் தானே அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கும். ஆணி துருப்பிடிக்கத் தொடங்கியதும் ஒழுகும். ஒரு வீட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, குழாயின் மேல் ஒரு ஆணித்தலையும் அதன் கீழே மண்ணில் தேநீர்க் கோப்பையளவு ஒரு குழியும் மட்டுமே இருந்தன. அந்த மண் அவ்வளவு தண்ணீரையும் ஓசையின்றிக் குடித்திருந்தது. கான்கிரீட் தரையில் புதைந்த குழாய் என்றால் வெப்பக் கேமராவும், ஐந்து விழுக்காடு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனைச் செலுத்தி மோப்பக்கருவியால் தேடும் முறையும் உதவும். இப்படித் தேடவும் தரையை உடைக்கவும் ஆகும் செலவைப் பல வீட்டுக் காப்புறுதிகள் ஏற்கின்றன. உங்கள் பத்திரத்தைப் படித்துவிட்டு ஆளை அழையுங்கள். ஒழுக்கை அடைக்கும் திரவத்தை ஊற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கண்டுபிடிக்கவே முடியாத நுண்கசிவுக்குக் கடைசி வழியாக அதை ஒப்புக்கொள்வேன். கலமோ பாதுகாப்பு வால்வோ காரணமாக இருக்கையில் அதை ஊற்றுவது வீண்.

தண்ணீர் ஏற்ற வேண்டியே வந்தால் பாய்லர் ஆறிய பிறகு ஏற்றுங்கள். சூட்டில் முள் காட்டுவது விரிந்த தண்ணீரின் அளவு, அதை நம்பி நிறுத்தக் கூடாது. வெள்ளிப் பின்னலிட்ட நிரப்புக் குழாயின் இரண்டு முனை வால்வுகளையும் மெதுவாகத் திறந்து, 1.2ஐத் தொட்டதும் இரண்டையும் மூடுங்கள். இரண்டு பாருக்கு ஏற்றிவைத்தால் அடுத்த முறை இறங்க நாளாகும் என்று சிலர் செய்கிறார்கள். அது பாதுகாப்பு வால்வை இன்னும் சீக்கிரம் திறக்கவைக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பின்னல் குழாயைக் கழற்றிவைக்க வேண்டும் என்பதே 1999ஆம் ஆண்டின் தண்ணீர்ப் பொருத்து விதிகளின் எதிர்பார்ப்பு, ஹீட்டிங் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக. ரேடியேட்டரில் காற்று எடுத்தால் முள் ஒருமுறை இறங்குவது இயல்புதான், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

முள்ளைப் பார்ப்பது, பை கட்டுவது, வெளி இணைப்பை இறுக்குவது, தண்ணீர் ஏற்றுவது ஆகியவற்றை நீங்களே செய்யலாம். பாய்லரின் மூடியைக் கழற்றுவது வேறு விஷயம். பல பாய்லர்களில் அந்த மூடியே எரிவாயுப் புகை வீட்டுக்குள் வராமல் அடைக்கும் தடுப்பு. அங்கிருந்து உள்ளே கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே கைவைக்க வேண்டும். எரிவாயு வேலை செய்வோருக்காக 2009இல் கார்கி என்ற பழைய பதிவேட்டுக்குப் பதிலாக வந்தது இது. வருபவரின் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் பாய்லர் வேலைக்குத் தகுதி குறித்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல தொழிலாளி இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். வாடகை வீடு என்றால் இந்தச் செலவு உங்களுடையதே அல்ல. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமான குறுங்கால வாடகைகளில் ஹீட்டிங்கையும் வெந்நீரையும் ஒழுங்காக ஓடும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை வீட்டுக்காரர் மேல்தான் வைக்கிறது. எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யச் சொல்வது இதுதான். இன்று ஆறிய நிலையில் 1.2க்கு ஏற்றிவிட்டுப் பையைக் கட்டுங்கள். மூன்று நாட்களுக்குக் காலையில் ஹீட்டிங் தொடங்குமுன் ஒரு முறையும், இரவில் நன்றாகச் சூடேறிய பின் ஒரு முறையும் முள்ளின் அளவைத் தேதியோடு எழுதிவையுங்கள். பையில் தண்ணீர் இருந்து, சூட்டில் முள் 2.5க்கு மேல் போனால், பொறியாளரை அழைக்கும்போது பாய்லர் பழுது என்று பொதுவாகச் சொல்லாமல், எக்ஸ்பான்ஷன் வெசலுக்குக் காற்றேற்றவும் பாதுகாப்பு வால்வை மாற்றவும் வேண்டியிருக்கிறது என்று சொல்லி, அந்த ஆறு எண்களையும் படித்துக் காட்டுங்கள். வேலை முடிந்ததும் துருத்தடுப்பு மருந்தைப் புதிதாக ஊற்றச் சொல்லுங்கள், இரண்டு மாதத்தில் பழையது நீர்த்துப்போயிருக்கும். பை உலர்ந்தும் முள் இறங்கியும் இருந்தால், அந்த ஆறு எண்களோடு அடைப்பு வால்வுச் சோதனையின் முடிவையும் எழுதி அனுப்புங்கள், அங்கிருந்து தொடர்வோம்.